மற்றும் ஒரு குழந்தை

மௌன அஞ்சலி இரண்டு நிமிடம் நடக்கிறது என்று படித்தவர்கள் உட்பட எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தவறான கருத்தை இனியும் வளரவிடக் கூடாது. மௌன அஞ்சலி இரண்டு நிமிடம் என்று அறிவிக்கப்படுகிறது. நடப்பது சராசரியாக முப்பத்தெட்டு விநாடி. கொறுக்கைமேடு பேரூராட்சியில் நினைவேந்தல் மற்றும் நல்லிணக்கக் கல்வித் திட்டத்துக்குத் தொகுப்பூதிய ஒருங்கிணைப்பாளராக இருக்கும் குணசுந்தரி, பத்தொன்பது ஆண்டுகள் மேடையின் இடது ஓரத்தில் நின்று தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கண்டறிந்த உண்மை இது. இருப்பதிலேயே நீளமான அஞ்சலி ஐம்பத்திரண்டு விநாடி. அந்த ஆண்டு சிறப்பு விருந்தினர் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டார். இருப்பதிலேயே குட்டையானது பதினொரு விநாடி. அந்த ஆண்டு ஒரு குளவி வந்தது. மற்ற ஆண்டுகளில் முப்பதாவது விநாடியில் யாராவது செருமுவார்கள், முப்பத்தைந்தாவது விநாடியில் ஒரு நாற்காலி நகரும், உடனே சிறப்பு விருந்தினர் 'நன்றி, அமரலாம்' என்பார். அறிவிக்கப்பட்டு நடக்காமல் போன மௌனமெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது என்று எவரும் கேட்டதில்லை.

கொறுக்கைமேட்டில் மௌனம் யாருக்காக என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனியில், ஓடைத்தெரு மாப்பிள்ளை ஒருவன் வாடகைக் கார் ஒன்றில் ஏறி மேலத்தெரு வழியாக ஊர்வலம் போனான். கார் நின்று நின்று, தள்ளித் தள்ளித்தான் போனது, ஆனாலும் போய்விட்டது. மூன்றாம் நாள் மேலத்தெரு ஆட்கள் வந்தார்கள். ஓடிப் போக முடியாதவர்கள் ஒளிந்திருந்த ஒரு கூரைவீட்டின் கதவுக்கு வெளியே சங்கிலி போட்டுவிட்டுத் தீ வைத்தார்கள். பதினான்கு பேர் இறந்தார்கள். வழக்கு ஏழு ஆண்டு நடந்தது. புகை அதிகமாக இருந்ததால் யாரும் யார் முகத்தையும் சரியாகப் பார்த்திருக்க முடியாது என்று எல்லோரும் விடுதலையானார்கள்.

குணசுந்தரிக்கு அப்போது ஏழு வயது. செங்கல் சூளையில் இருந்த அப்பாவுக்குச் சோறு கொண்டு போயிருந்ததால் பிழைத்தாள். அந்த வீட்டுக்குள் அவளுடைய அம்மா பாக்கியம் இருந்தாள், அப்பாவுடன் பிறந்த அத்தைமார் அஞ்சலையும் வீராயியும் இருந்தார்கள், பிறந்து பதின்மூன்று நாளான தம்பி இருந்தான். பதினாறாம் நாள்தான் பேர் வைப்பது வழக்கம். ஆகையால் காவல்துறைக் கோப்பிலும் தீர்ப்பிலும் நிவாரண உத்தரவிலும் பதின்மூன்று பெயர்களும், அவற்றுக்குக் கீழே 'மற்றும் ஒரு குழந்தை' என்ற மூன்று சொற்களும் இருந்தன.

பிற்பாடு, காலம் மாறி, நினைவேந்தல் ஒரு துறையானது. நிதி வந்தது, நினைவுக்கல் வந்தது. அந்தக் கல்லில் ஒன்பது பெயர்கள் இருக்கின்றன: திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள் ஐவர், செயல் அலுவலர், ஒப்பந்ததாரர். இறந்தவர்கள் பெயருக்கு இடம் போதவில்லை. ஆண்டுதோறும் பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டி நடக்கும். இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வதைப் பிள்ளைகள் வரைவார்கள், மேலத்தெருப் பிள்ளைகள் மஞ்சளும் சிவப்புமாக முறுக்கிய சாதிக்கயிறு கட்டிய கையை நீட்டிப் பரிசு வாங்கிக்கொள்வார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், பிறகு எல்லோருக்கும் ஒரு லட்டும் ஒரு மிக்சர் பொட்டலமும் தரப்படும். குணசுந்தரி தன் கைப்பையில் பதின்மூன்று பெயர்கள் எழுதிய தாளை வைத்திருப்பாள். ஒவ்வோர் ஆண்டும் பேரூராட்சித் தலைவர் தர்மசீலனிடம் கேட்பாள். அவர் மேலத்தெருக்காரர், நல்ல மனிதர், எல்லாக் கல்யாணத்துக்கும் போவார்.

"இந்தப் பேரையெல்லாம் வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும் டீச்சர்?"

"ஒரு நிமிசம் சார்."

"ஒரு நிமிசமா? சிறப்பு விருந்தினரு பன்னெண்டு மணிக்கு இன்னொரு ரிசப்ஷன்ல நிக்கணுமேம்மா. அடுத்த வருசம் வச்சுக்குவோம். இவங்க எங்க போயிடப் போறாங்க."

இப்படிப் பத்தொன்பது அடுத்த வருசங்கள் போயின.

இருபதாவது ஆண்டு, பங்குனி மாதம், சமுதாயக் கூடத்தில், காலை பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். முப்பதாவது விநாடியில் ஒருவர் செருமினார். முப்பத்து நான்காவது விநாடியில் மாவட்டத்திலிருந்து வந்திருந்த சிறப்பு விருந்தினர் 'நன்றி' என்று சொல்ல வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்று நன்றாகவே கேட்டது. தர்மசீலன் மைக் செட்காரரைத் திட்டினார், திட்டும் கேட்கவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது, வெளியே நாய் குரைத்தது, கோயில் மணி அடித்தது. மனிதப் பேச்சு மட்டும், வரப்பு வெட்டியதும் வடிந்த வயல் தண்ணீர்போல, ஊரைவிட்டு ஒரேயடியாக வடிந்து போயிருந்தது.

குணசுந்தரி கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் கடந்து மூன்றாகியிருந்தது. நேரமில்லை என்று சொல்ல இப்போது யாராலும் முடியாது என்பது அவளுக்கு முதலில் விளங்கியது. மேடையின் நடுவுக்குப் போனாள், கைப்பையைத் திறந்தாள், தாளைப் பிரித்தாள்.

"அஞ்சலை" என்றாள். கேட்டது.

வீராயி, மாசிலாமணி, கோவிந்தம்மாள், சடையன், குப்பம்மாள், பூங்காவனம், தொப்பளான், செல்லக்கண்ணு, நாகம்மாள், இராக்கு, முனியன், பாக்கியம். பதின்மூன்றும் கேட்டன, கடைசி வரிசையில் அதற்குள் உட்கார்ந்து மிக்சர் பொட்டலத்தைப் பிரித்துவிட்டவருக்கும் கேட்டது. பிறகு பதினான்காவது வரியை வாசித்தாள். 'மற்றும் ஒரு குழந்தை' என்று அவள் உதடு இரண்டு முறை அசைந்ததைப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

கொறுக்கைமேடு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுகாதாரத் துறையினர் வந்து ஊரார் தொண்டைக்குள்ளெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கும்படி எழுதிக் கொடுத்தார்கள்; ஊர் கொப்பளித்தது. வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், ஊர் எல்லைப் பலகையைத் தாண்டியதும் அவர்கள் பேச்சும் பாதிச் சொல்லில் அறுந்தது, அவர்களும் கொப்பளித்தார்கள். இரண்டு நாள் எல்லோரும் எழுதிக் காட்டிக் காலம் தள்ளினார்கள். எழுதிக் காட்டிக் கடன்கூட வாங்கிவிடலாம், சண்டை போட முடியாது. எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடுகிறது. அதைவிட, தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு தெருத்தெருவாக எழுதிக் காட்டித் தக்காளி விற்க முடியாது.

மூன்றாம் நாள் காலையில் காய்கறி வண்டிக்காரர் பெத்துராஜ்தான் வழி கண்டுபிடித்தார். கேட்கிற சொல் பதின்மூன்று இருக்கும்போது கேட்காத சொல்லை எதற்குக் கத்த வேண்டும் என்று யோசித்தவர், தக்காளிக்கு 'அஞ்சலை' என்று கூவிக்கொண்டு வந்தார். கத்தரிக்காய்க்குச் சடையன் என்றார், வெங்காயத்துக்கு நாகம்மாள் என்றார். பேருந்து நடத்துநர் வண்டியை எடுக்க மாசிலாமணி என்றார், நிறுத்த முனியன் என்றார். மருந்துக் கடையில் காய்ச்சலுக்குப் பூங்காவனமும் வயிற்றுப்போக்குக்குக் குப்பம்மாளும் கேட்டார்கள். தண்ணீருக்குக் கோவிந்தம்மாள், சோற்றுக்கு இராக்கு, வா என்பதற்கு வீராயி, போ என்பதற்குச் செல்லக்கண்ணு. எந்தக் குழுவும் கூடி இதை முடிவு செய்யவில்லை. ஒரு வாரத்தில் ஊருக்கே பழகிவிட்டது. இல்லை என்பதற்குத் தொப்பளான் என்றும் ஆமாம் என்பதற்குப் பாக்கியம் என்றும் ஆகிவிட்டது.

மேலத்தெரு நான்கு நாள் வீம்பு பிடித்தது. ஓடைத்தெருக்காரர்களின் பெயரைத் தங்கள் வீட்டுக்குள் சொல்லி அவர்களுக்குப் பழக்கமில்லை. இருந்தவரைக்கும்கூட அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆனால் ஐந்தாம் நாள் சமையலறையிலிருந்து ஒரு வீட்டில் சோறு ஆயிற்றா என்று கேட்க வேண்டியிருந்தது, மாடியிலிருந்து இன்னொரு வீட்டில் மோட்டாரை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் ஆரம்பித்தது தெரு முழுக்கப் பரவியது. சங்கிலி போட்டுப் பூட்டிய வீட்டுக்குள் கடைசியாகக் கேட்ட பெயர்களை, அந்தச் சங்கிலி எடுத்துவரப்பட்ட தெருவில், காலை ஆறு மணி முதல் குழந்தைகள் முதற்கொண்டு கூவினார்கள்.

ஒரு நாள் குணசுந்தரி ரேஷன் கடை வரிசையில் நின்றாள். அட்டை கொண்டு வந்திருக்கிறாயா என்று கடைக்காரர் சைகையில் கேட்க, ஒவ்வொருவரும் 'பாக்கியம்' என்றார்கள். பச்சரிசியா? பாக்கியம். கைரேகை விழுந்ததா? பாக்கியம். நாற்பத்து நான்கு ஆண்டாக ஒரு வாயிலும் வராத அம்மாவின் பெயர் ஒரே முற்பகலில் இருநூறு தடவை வந்தது. அவர்கள் அம்மாவைச் சொல்லவில்லை, ஆமாம் என்றுதான் சொன்னார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் தன் முறை வந்தபோது அந்த ஒற்றைச் சொல்லை அவள் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டி அரிசி வாங்கிக்கொண்டு வந்தாள்.

கல்வித் துறை வேறு விதமாகக் கண்கலங்கியது. பாதிக்கப்பட்டோரின் பெயர்களை ஒருவர் விடாமல் அறிந்த முதல் பேரூராட்சி என்று ஒரு சான்றிதழ் வந்தது. பக்கத்து ஒன்றியங்களிலிருந்து ஆசிரியர்களைப் பேருந்தில் ஏற்றி வந்து பார்வையிட வைத்தார்கள். தலைநகரிலிருந்து ஒரு நிபுணர் தொண்ணூற்றாறு படங்களுடன் விளக்கவுரை நிகழ்த்த வந்து, தொண்ணூற்றாறையும் பேசாமல் காட்டிவிட்டுப் போனார். சான்றிதழ் வழங்கும் விழா நான்கு நிமிடத்தில் முடிந்தது. ஊரில் இதுவரை நடந்ததிலேயே மிகச் சிறந்த விழா அதுதான் என்று எல்லோரும் எழுதிக் காட்டினார்கள்.

இருந்தாலும் பதின்மூன்று சொல்லை வைத்துக்கொண்டு புறம் பேச முடியாதே. அதற்காகவே ஊர் எல்லைப் பலகைக்கு அப்பால் ஒரு பேச்சுத்திடல் உண்டாயிற்று. பலகையின் ஒரு பக்கம் 'கொறுக்கைமேடு பேரூராட்சி தங்களை அன்புடன் வரவேற்கிறது' என்றும் மறுபக்கம் 'நன்றி, மீண்டும் வருக' என்றும் இருக்கும். 'நன்றி, மீண்டும் வருக'வைத் தாண்டி ஓர் எட்டு வைத்தால் குரல் வந்துவிடும். சாலைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் நாற்பது அடி நீளத்துக்குக் கிடந்த அந்தப் புறம்போக்கில் நைனா பாய் தேநீர் வண்டி போட்டார். மேலத்தெருவும் ஓடைத்தெருவும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று பேசின. வேறு இடம் இருந்திருந்தால் வேறு இடத்தில்தான் நின்றிருப்பார்கள்.

"கண்ணாடி கிளாஸ் இல்லையா பாய்?" என்று மேலத்தெருக்காரர் ஒருவர் கேட்டார்.

"இருந்துச்சு. இந்தத் தெருவுக்கு ஒண்ணு அந்தத் தெருவுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வரிசை கழுவி அடுக்க இங்க எடம் ஏது? பேப்பர் கப்புதான். குடிச்சா குடிங்க, இல்லாட்டி உள்ள போயி கோவிந்தம்மா குடிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், கோவிந்தம்மாளின் பேரன் அங்கேயே தேநீர் குடித்துக்கொண்டு நிற்பதைச் சிலர் கவனித்தார்கள்.

தர்மசீலன் அங்கேதான் குணசுந்தரியைப் பிடித்தார். ஒன்பதாம் நாள். "டீச்சர், எனக்கு ஒண்ணு தோணுது. பதிமூணு கேக்குது, பதினாலாவது கேக்கல. ஏன்? பேரு இல்ல. பேர வச்சுட்டா முடிஞ்சு போச்சு. நமக்கும் பேச்சு வந்துரும்."

"நானும் அதான் சார் நினைக்கிறேன்."

"அப்புறம் என்ன, நாளைக்கே வச்சுருவோம். நான் பாத்துக்கறேன்."

"சார், அது—"

"நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம். எல்லாச் செலவும் பேரூராட்சி."

மறுநாள் சமுதாயக் கூடத்து வாசலில் இருபதடி உயர ஃபிளக்ஸ் எழுந்தது. மேலே தர்மசீலன் கைகூப்பிச் சிரித்தார். கீழே ஒரு குழந்தை. இறந்த குழந்தையின் படம் இல்லாததால் ஃபிளக்ஸ்காரர் இணையத்திலிருந்து ஒன்றை எடுத்திருந்தார். கொழுகொழுவென்று, பால் நிறத்தில், நீலக் கண்ணோடு அது ஓடைத்தெருவைப் பார்த்துச் சிரித்தது. பெயர்சூட்டுக் குழுவில் ஏழு பேர் இருந்தார்கள். நான்கு மணி நேரம் பேச்சுத்திடலில் வாதம் செய்து, கட்சிக்காரர் பெயர் வேண்டாம், சாமி பெயர் வேண்டாம் என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, சமத்துவச்செல்வன் என்று முடிவு செய்திருந்தார்கள். மேடையில் தர்மசீலன் மைக்கைப் பிடித்து, மாலை போட்ட ஃபிளக்ஸைப் பார்த்து, அந்தப் பெயரைச் சொன்னார். உதடு அசைந்தது. மறுபடி சொன்னார். கூட்டம் முழுவதும் சேர்ந்து சொன்னது. வெளியே நாய் குரைத்தது.

அன்று மாலை பேச்சுத்திடலில் நெரிசலாக இருந்தது. தர்மசீலன் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்னம்மா இது? நல்ல பேருதானே?"

"நல்ல பேருதான் சார். ஆனா பேரு அப்படி வைக்க மாட்டாங்களே. உங்க வீட்டுப் பிள்ளைக்கு மைக்குலயா வச்சீங்க?"

அவர் முகம் துடைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பதினாறாம் நாள் வைக்கணும். பிள்ளை பொறந்த வீட்டுல தொட்டில் கட்டணும். அத்தை வந்து காதுல மூணு தரம் சொல்லணும். அத்தை சொல்லுறதுக்கு முன்னாடி வேற வாயில அது பிள்ளைக்குப் பேரா வரக் கூடாது. வந்தவங்க எல்லாருக்கும் காப்பரிசி குடுக்கணும், எல்லாரும் கை நீட்டி வாங்கித் திங்கணும். இவ்வளவுதான்."

"அவ்வளவுதானே? வீடு இருந்த எடத்துல பந்தல் போடுவோம். காப்பரிசிக்கு அரிசி, வெல்லம், பொட்டுக்கடலை எல்லாம் மேலத்தெருவே குடுத்துரும். அத்தைக்கும் யாரையாச்சும் ஏற்பாடு பண்ணிரலாம்."

"எங்கப்பாவோட கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு சார். ரெண்டு பேரும் லிஸ்ட்ல இருக்காங்க."

"உங்க தெருவுலயே வேற யாராச்சும்..."

"அத்தைங்களை வச்சுக் கொளுத்துனது உங்க தெரு. அத்தையைக் கொண்டாந்து நிறுத்த வேண்டியதும் உங்க தெருதான்." குணசுந்தரி குரலை உயர்த்தவில்லை. பத்தொன்பது ஆண்டு நேரம் கேட்ட அதே குரலில்தான் சொன்னாள். "எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. ஒங்களுக்கு எப்ப முடியுதோ அப்ப வாங்க. அடுத்த வருசம்னாலும் சரி."

மேலத்தெரு இதை நியாயமான கோரிக்கை என்றே ஒப்புக்கொண்டது. பந்தலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, வெல்லம் எடை போட்டாகிவிட்டது. ஓடைத்தெருவுக்குப் போகவும், கை நீட்டிக் காப்பரிசி வாங்கவும், வாங்கியதைத் தின்னவும்கூட, பேச்சு வருவதாக இருந்தால், பெரும்பாலோர் சம்மதித்தார்கள். பதினோராம் நாள்தான் ஒருவர் முறையைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அத்தை என்றால் அப்பாவுடன் பிறந்தவள். அத்தை மகள் என்றால் அந்தப் பையனுக்கு முறைப்பெண். அத்தையாகப் போகிறவளுக்கு ஒரு பெண் இருந்தால், ஓடைத்தெருப் பையனுக்கு அவள் கட்டிக்கொள்ளும் முறையாகிவிடுவாள். இறந்து நாற்பத்து நான்கு ஆண்டாகிவிட்ட பதின்மூன்று நாள் பிள்ளைக்குப் பெண் கொடுக்க வேண்டி வந்துவிடுமோ என்று மேலத்தெரு கலங்கியது. பெண் பிள்ளை பெற்ற பெண்களெல்லாம் பின்வாங்கினார்கள். ஆண் பிள்ளை மட்டும் பெற்றவர்கள், அந்தப் பையனின் அக்கா ஒருத்தி இருக்கிறாளே என்று பின்வாங்கினார்கள். அந்த அக்கா குணசுந்தரி, வயது ஐம்பத்தொன்று, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். பிள்ளையே இல்லாதவர்களை அவர்களுடைய கணவன்மார் பின்வாங்கச் சொன்னார்கள். "நாளைக்கு சம்பந்தம் பேச வர்றவன் கேட்டா என்ன சொல்றது?" என்றார்கள். இதையெல்லாம் பேச்சுத்திடலில், ஓடைத்தெருக்காரர்கள் பக்கத்தில் நிற்க, தணிந்த குரலில் விவாதித்தார்கள். நாற்பது அடியில் எவ்வளவு தணித்தாலும் கேட்கத்தான் கேட்டது.

பதினான்காம் நாள் தையல்நாயகி வந்தாள். மேலத்தெரு மருந்துக் கடைக்காரி. குணசுந்தரியைவிட இரண்டு வயது இளையவள். கணவர் இல்லை, கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள். வழக்கில் மூன்றாம் எதிரியாக இருந்து விடுதலையான அருணகிரி அவளுடைய அப்பா. எண்பத்து நான்கு வயதில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அவள் இரண்டு தேநீர் வாங்கி ஒன்றைக் குணசுந்தரியிடம் நீட்டினாள்.

"அப்பாவுக்குக் கண்ணு தெரியல. நோட்டீஸு ஒட்டுனது, லிஸ்டு எழுதி வச்சது எதையும் அவரு பாக்கல. நானும் வாசிச்சுக் காட்டல" என்றாள்.

"சரி."

"முந்தாநாள் மத்தியானம் தண்ணி குடுக்கப் போனேன். அவராவே சொல்லிட்டிருந்தாரு. அஞ்சலை, வீராயின்னு ஆரம்பிச்சு பதிமூணும். தெருவுல கூவுறது காதுல விழுந்திருக்கும், ஆனா இது லிஸ்டுல இருக்கற அதே வரிசை, ஒண்ணு விடல. யாரு சொல்லிக் குடுத்தா அவருக்கு?"

குணசுந்தரி தேநீரைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பதிமூணு முடிஞ்சதும் நிறுத்தல. வாயத் தொறந்தாரு. ஒண்ணும் வரல. மறுபடியும் தொறந்தாரு. கையை இப்படி வச்சுக் காட்டுனாரு." தையல்நாயகி ஒரு முழத்துக்குக் குறைவாகக் கைகளை அகட்டிக் காட்டினாள். "புகையில ஒண்ணும் தெரியலன்னுதானே கோர்ட்டுல சொன்னாங்க."

வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் வர்றேன்" என்றாள் தையல்நாயகி. "எங்க ஆளுங்க கத்துவாங்க. நான் அத்தைன்னா எங்கப்பாதானே தாத்தா, அவரு பேர வச்சுருவேனோன்னு வேற பயந்துட்டு இருக்காங்க. தாத்தா பேருதானே வைக்கணும்? உங்க தாத்தா பேரு என்ன?"

"இருளப்பன். உங்க வீட்டுலதான் முப்பது வருசம் ஏர் ஓட்டுனாரு."

"அவரா? நொண்டி நடப்பாரே, எனக்கு ஈச்சம்பழம் கொண்டாந்து குடுப்பாரு. அவரு பேரு கருவாயன்னுல்ல நினைச்சுட்டிருந்தேன்."

"அது உங்கப்பா வச்ச பேரு."

தையல்நாயகி காலிக் கப்பைக் கசக்கி நைனா பாயின் கூடையில் போட்டாள். "பதினாறாம் நாள் காலையிலதானே?" என்று மட்டும் கேட்டாள்.

பேச்சு நின்ற பதினாறாம் நாள் காலை ஓடைத்தெருவில், நாற்பத்து நான்கு ஆண்டாக ஒருவரும் வீடு கட்டாத மனையில், நான்கு மூங்கில் நட்டு, குணசுந்தரி தன் அம்மாவின் சேலை எதுவும் மிஞ்சாததால் தன் சேலையொன்றில் தொட்டில் கட்டினாள். கொறுக்கைமேடு முழுவதும் வந்தது. சிலர் வெட்கத்தால் வந்தார்கள், பலர் பேச்சுக்காக வந்தார்கள், சிலர் யார் வருகிறார்கள் என்று பார்க்க வந்தார்கள். தர்மசீலன் ஃபிளக்ஸ் எதுவும் இல்லாமல் ஓர் ஓரமாக நின்றார். தையல்நாயகி பட்டுச்சேலை கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கும் சின்னதாக ஒரு சட்டையும் வைத்து எடுத்துக்கொண்டு மேலத்தெரு வழியாக நடந்து வந்தாள். அவளுடைய தெருவில் ஒரு பாதி கதவைச் சாத்திக்கொண்டது. மறு பாதி அவளுக்கு முன்பாகவே பந்தலில் உட்கார்ந்திருந்தது.

அவள் வெறும் தொட்டிலின் மேல் குனிந்தாள். காது எந்தப் பக்கம் இருக்கும் என்று ஒரு கணம் தயங்கி, இடது பக்கம் குனிந்தாள். மூன்று தடவை உதடு அசைந்தது. ரகசியமாகச் சொல்லப்படுவதால் முதல் மூன்று தடவையும் எவருக்கும் கேட்காதது இயல்புதான். பிறகு நிமிர்ந்து, வழக்கப்படி, கூடியிருந்தவர்களுக்குச் சொன்னாள்.

"இருளப்பன்."

கேட்டது. சேலைத் தொட்டில், காற்று இல்லாத அந்த வேளையில், ஒரு குழந்தையின் எடையளவு தாழ்ந்தது. தாழ்ந்தபடியே மெதுவாக ஆடியது. யாரும் அதை உற்றுப் பார்க்கவில்லை. தொட்டில் என்றால் ஆடத்தான் செய்யும். குணசுந்தரி கைப்பையிலிருந்து தாளை எடுத்தாள், 'மற்றும் ஒரு குழந்தை' என்பதை அடித்துவிட்டுப் பெயரை எழுதினாள். பதினான்கையும் வாசித்தாள். கடிகாரத்தில் அதற்கு நாற்பத்தெட்டு விநாடி ஆனது. யாரும் செருமவில்லை.

"வாங்கிக்குங்க அத்தை" என்று தன்னைவிட இரண்டு வயது இளையவளுக்கு முதல் பிடிக் காப்பரிசியைக் கொடுத்தாள். அந்த வார்த்தைகள் கேட்டன என்பது அவளுக்கே சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. பந்தலில் அதன்பின் எழுந்த முதல் குரல் மேலத்தெருப் பெண்மணி ஒருவருடையது.

"காப்பரிசியில வெல்லம் கம்மி" என்றார் அவர்.

அதிலிருந்து மூன்று நாள் ஊர் ஓயாமல் பேசியது. அடக்கி வைத்த பொய், புறணி, விலை, வட்டி, வசவு எல்லாவற்றையும் பேசித் தீர்த்தது. தக்காளி மறுபடியும் தக்காளியானது. ஆமாம் என்பதற்கு மட்டும் சில வீடுகளில் நாக்கு பழகிப் போய்ப் பாக்கியம் என்று இன்னும் கொஞ்ச காலம் வந்துகொண்டிருந்தது. குணசுந்தரி அந்த வீடுகளின் வழியாக வேலைக்குப் போனாள். நைனா பாய் வண்டியை ஊருக்குள் கொண்டு வந்தார். வந்த வாரமே கண்ணாடி கிளாஸ்கள் வாங்க வேண்டியதாகிவிட்டது, இரண்டு வரிசையாக. பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். முன்பிருந்த ஒன்பதையும் எடுக்க முடியாது என்பதால், அவற்றுக்குக் கீழே சின்ன எழுத்தில் பதினான்கும் இடம் பிடித்தன. பெயர் வைத்த அன்று மாலை அருணகிரி தண்ணீர் கேட்டார். தண்ணி என்றே கேட்டார். தையல்நாயகி தண்ணீரைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, கேட்க நினைத்ததைக் கேட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஒரே புகையா இருந்துச்சு" என்றார்.

வைகாசி முதல் ஞாயிற்றுக்கிழமை தையல்நாயகியின் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. பெண்ணுக்கு உள்ளூரிலேயே முறைமாப்பிள்ளை இருப்பதாகக் கேள்விப்பட்டோம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள்.